மண்ணுக்குள் போகும் இரண்டடி

— அப்போ கல்லறைக் கல்லுல அந்தக் காலி இடம் மொத்தமும் எனக்குத்தானா?

— உங்களுக்குத்தான், இத்வால் மாமா. திலிஸ் அத்தையே நேர்ல வந்து, அளந்து, கோடு போட்டு விட்டுட்டுப் போனாங்க.

— அநியாயம், மெரேரித். அவ பேரு ஒரு முழத்துக்கு நிக்குது. எனக்கு ஒரு பஸ் டிக்கெட் அகலம். அம்பத்தேழு வருஷம் கட்டில்லயும் இதே பங்குதான். அவளுக்கு முக்கால், எனக்கு விளிம்பு.

— போர்வை?

— போர்வையா? ஒரு ஜனவரியில என்னை உறையவே விட்டுட்டா. காலையில கெட்டில்ல வெந்நீர் வச்சு ஊத்தித்தான் என்னைக் கட்டில்லேருந்து பிரிச்சு எடுத்தா. மீசையில தொங்கின பனிக்கட்டியை ஒடிச்சு டீயில போட்டுக்கிட்டா.

— உங்களுக்கு மீசையே கிடையாதே.

— அன்னைக்கு ஒடிஞ்சதுதான். அப்புறம் வளரல.

— சிரிக்க வைக்காதீங்க, கை ஆடுது. கடைசி வரி இன்னும் முடியல. நாளைக்குக் காலையில கல்லை ஜெபவீட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏத்தணும். மழை வேற விடமாட்டேங்குது.

— இந்த ஊர்ல மழை எப்ப விட்டுச்சு? நான் பொறந்தப்ப ஆரம்பிச்சது. ...அது சரி, கல்லு மேல எல்லாம் திறந்து கிடக்கு, அடியில மட்டும் எதுக்குக் கோணி சுத்தி வச்சிருக்க? காலு குளிருதாமா அவளுக்கு?

— முனை உடைஞ்சிரக் கூடாதுன்னு.

— சிலேட்டுக் கல்லுக்குச் செருப்பு! உங்க தாத்தா பார்த்திருந்தா சிரிச்சிருப்பாரு.

— மாமா, நீங்க எதுக்கு இந்த மழையில மேடு ஏறி வந்தீங்க? கல்லைப் பார்க்கவா? போன வாரமே பார்த்துட்டீங்களே.

— ரொட்டி கொண்டு வந்தேன். டீயில திராட்சை ஊறப்போட்டு, நானே சுட்டது. திலிஸ் எழுதி வச்ச அளவுப்படி. மொதல் தடவை அடுப்புக் கதவைத் திறக்கவே தீயணைப்பு வண்டி வந்துச்சு. இது மூணாவது.

— நல்லாத்தான் இருக்கு வாசனை. ...இது என்ன, ரொட்டிக்கடியில காகிதம்?

— அதுவா... ஒரு சின்ன வேலை. ஒரே ஒரு சொல்லு வெட்டணும். அவ்வளவுதான்.

— குடுங்க பார்க்க—

— ஐயோ! என்னம்மா? கால்ல விழுந்துச்சா?

— இல்ல. உளி வழுக்கிருச்சு. கை ஈரம்.

— இருபது வருஷமா உளி பிடிக்கிறவ கை வழுக்குதா?

— ஒண்ணுமில்ல. ...செரென்.

— சத்தமா படிக்காத.

— ஏன்? நாம ரெண்டு பேருதான இருக்கோம்.

— ரெண்டு பேரா? அதோ, அவ நிக்கிறாளே, தன் பேரைப் போட்டுக்கிட்டு.

— ...சரி. மெதுவாவே கேக்குறேன். யாருக்கு இந்தப் பேரு?

— வீட்டுக்கு. கேட்ல மாட்ட.

— உங்க வீட்டுக்குத்தான் பேரு இருக்கே. காத்து மேடு. என் தாத்தா வெட்டின பலகை.

— அப்போ பின்னாடி இருக்கிற கொட்டகைக்கு.

— கொட்டகைக்கு யாராவது செரென்னு, நட்சத்திரம்னு பேரு வைப்பாங்களா? அதுக்குக் கூரையே இல்ல.

— அதான் விஷயமே! உள்ள படுத்தா நட்சத்திரம் தெரியும்.

— மாமா.

— கோழிக்கு.

— உங்க கடைசிக் கோழி செத்து நாலு வருஷம் ஆச்சு. ஊரே அழுதுச்சு. நீங்க சொன்ன கணக்குல அது ஒரு நாளைக்கு ஆறு முட்டை போட்டுச்சாம்.

— ஏழு. ஞாயித்துக்கிழமை மட்டும் போடாது, பக்தி. ...சரி, மாட்டுக்குன்னு வச்சுக்கயேன். மாடு வாங்கப் போறேன்.

— எண்பத்தோரு வயசுல.

— செரென்னா மாட்டுப் பேருதான. உனக்குத் தெரியாதா? எங்க அம்மா பண்ணையில இருந்துச்சே. கன்னங்கரேல்னு உடம்பு, நெத்தியில மட்டும் வெள்ளையா ஒரு பொட்டு. அந்தக் காலத்துல இந்த மலை முழுக்க எந்தத் தொழுவத்துல போய் செரென்னு கூப்பிட்டாலும் ஒண்ணு தலையைத் தூக்கிப் பார்க்கும்.

— என் தங்கச்சி மாசமா இருந்தப்ப ஒரு பேருப் புத்தகம் வாங்கினா. அதுல வேற மாதிரி போட்டிருந்துச்சு. ஏதோ பழைய காலத்துத் தெய்வமாம், ஊத்துத் தண்ணிக்குக் காவலாம். அதுலேருந்து வந்த பேராம்.

— தெய்வமா! புத்தகம் எழுதினவன் எந்த ஊரு? எங்க அம்மாவோட செரென் உதைச்ச உதையை வாங்கியிருந்தா அவனும் தெய்வம்னுதான் எழுதியிருப்பான். பால் எவ்வளவு தெரியுமா? வாளி நிறைஞ்சு, தொட்டி நிறைஞ்சு, ஓடையில வழிஞ்சு, கீழ ஊர்ல ஒருத்தி ஓடைத் தண்ணியிலயே டீ போட்டா. பிரசங்கியார் போறப்ப வர்றப்ப அதுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வச்சாரு.

— அதுக்குப் பேரு வச்சது யாரு?

— யாரு வச்சா என்ன, நெத்தியில பொட்டு இருந்தா செரென்தான். அதுக்குத்தான் எங்க அம்மா அப்படிக் குதிச்சாங்க. “என் மொதல் பேத்திக்கு மாட்டுப் பேரா வைக்கப் போறீங்க? ஜெபவீட்டுல எப்படித் தலைகாட்டுவேன்?”னு. திலிஸ் அசரல. “மாட்டுக்கு நாம கடன் குடுத்த பேரு, இப்ப திருப்பி வாங்கிக்கிறோம்”னா. வயித்தை இப்படிப் பிடிச்சுக்கிட்டு, சமையல்கட்டுல நின்னு...

— ...

— ...ரொட்டி சாப்பிடு, ஆறிப்போகுது.

— ஏற்கெனவே ஆறினதுதான், மாமா. ...எந்த வருஷம் அது?

— அறுபத்தெட்டு. மார்ச்சு.

— உங்க பையன் அர்வெல் பொறந்தது எழுபத்தொண்ணுல.

— ஆமா. அர்வெல் ரெண்டாவது. ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க எல்லாரும் மேல தோட்டத்துலதான் படுத்திருக்காங்க. அர்வெலுக்கே தெரியாது.

— எனக்கு ஒரு நாள் ஞாபகம் வருது, மாமா. பஸ்ல. சின்னப் பள்ளிக்கூடத்துல நான் கடைசி வருஷம், பதினோரு வயசு.

— எந்த நாளு? முப்பத்தொரு வருஷம் அந்த வண்டியை ஓட்டியிருக்கேன். உங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கின தூரத்தைச் சேர்த்தா நிலாவுக்கு ஆறு தடவை போயிட்டு வந்திருக்கலாம், அதுவும் நீங்க கடைசி சீட்டுல வாந்தி எடுத்துக்கிட்டே.

— செப்டம்பர். ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு சின்னப் பிள்ளை ஏறுச்சு. மொத நாள் அதுக்கு. அது அம்மா, “டிரைவர் மாமாவுக்குப் பேரு சொல்லு”ன்னாங்க. அது கத்திச் சொல்லுச்சு, செரென்னு.

— ...

— அடுத்த வளைவுல நீங்க வண்டியை நிறுத்தினீங்க. டயர் பார்க்கணும்னு இறங்கினீங்க. பத்து நிமிஷம். கொட்டுற மழை. நாங்க எல்லாரும் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டுப் பார்த்தோம். நீங்க டயரைப் பார்க்கவே இல்ல.

— அந்த டயர் மோசம். எப்ப வேணா வெடிச்சிருக்கும். நான் பார்க்காம விட்டிருந்தா நீ இன்னைக்கு இங்க உளி பிடிச்சிருக்க மாட்ட.

— மலையைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க.

— ...சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இவ்வளவு கண்ணு?

— அப்ப புரியல. 

— என் பிள்ளைக்குத்தான் அந்தப் பேரு மொதல்ல வந்திருக்கும், மெரேரித். இந்தப் பள்ளத்தாக்குலயே மொதல்ல. அறுபத்தெட்டுல மனுஷப் பிள்ளைக்கு அந்தப் பேரு இந்தப் பக்கம் நான் கேட்டதே இல்ல. இருபத்தெட்டு வருஷம் யார் வாயிலயும் வரல. நாங்களும் எடுக்கல. நிம்மதியா இருந்துச்சுன்னு வச்சுக்க. அப்புறம் பாலத்துக்கிட்ட ஒண்ணு ஏறுச்சு. அடுத்த வருஷம் ரெண்டு. நான் வேலையை விடும்போது என் வண்டியில மட்டும் ஏழு. பெரிய செரென், சின்ன செரென், கண்ணாடி செரென், பல்லு விழுந்த செரென், செரென் ஜோன்ஸ் மட்டும் மூணு!

— பேப்பர்ல வருஷா வருஷம் பட்டியல் போடுவாங்களே, அதுல நம்ம ஊருப் பேருகள்ல அதுதான் மேல நின்னுச்சு.

— பார்த்தேன். திலிஸ் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டா. கடையில யாராவது, “செரென், அதைத் தொடாத”ன்னு பிள்ளையை அதட்டினா போதும், கூடையை அப்படியே கீழ வச்சுட்டு வெளிய வந்துருவா. நான் உள்ள போய் அதே கூடையை எடுத்து மீதிச் சாமானை வாங்கிட்டு வருவேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும் வானிலை பத்திப் பேசுவோம். உலகத்துலயே வானிலையைப் பத்தி அதிகமாப் பேசின ஜோடி நாங்கதான்.

— அர்வெல் பொண்டாட்டி அந்தப் பேரு கேட்டப்ப ஒரு சண்டை வந்துச்சுன்னு...

— உனக்குமா தெரியும்? ஊருக்கு வாய் இருக்கே, எங்க வண்டி ஹாரனைவிடப் பெருசு. ஆமா. ரெண்டாயிரத்து ஆறு. மருமக ஆசையா ஃபோன் போட்டு, “பொண்ணு பொறந்தா செரென்”ங்குறா. திலிஸ் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? “அது மாட்டுப் பேரு”ன்னா. அப்படியே எங்க அம்மா குரல்ல. மருமக அழுதுட்டா. அர்வெல் வந்து கத்தினான். அதுலேருந்து அவன் வர்றது வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் கோட்டைக் கழட்டாம உக்காந்துட்டுப் போவான். அடக்கத்துக்கு வந்தப்பவும் கழட்டல.

— நீங்க அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— அவகிட்ட வாக்குக் குடுத்திருந்தேன். அந்தப் பேரை நம்ம வீட்டுல எடுக்கக் கூடாதுன்னா. சரின்னேன். அவ பேருக்கு அர்த்தம் என்ன? திலிஸ். உறுதின்னு. சொன்னா சொன்னதுதான். அவ மழை வரும்னா மேகம் அலறியடிச்சுக்கிட்டு வரும்.

— அப்போ இன்னைக்கு எதுக்கு இந்தக் காகிதம்?

— நாளைக்குக் கல்லு மண்ணுக்குள்ள போகுது. அப்புறம் முடியாது.

— இந்தக் கல்லுலயா வெட்டச் சொல்றீங்க?

— இதுலதான். கேட்டும் இல்ல, மாடும் இல்ல.

— ஜெபவீட்டு மூப்பர் கொரோன்வி விடமாட்டாரு, மாமா. யாரு கீழ இருக்காங்களோ அவங்க பேரு மட்டும்தான் கல்லுல இருக்கணும். போன வருஷம் ஒருத்தர் தன் நாய் பேரைச் சேர்க்கச் சொல்லி எவ்வளவு ரகளை.

— தெரியும். என் பிள்ளை கீழ இல்லதான். எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. ஒரு தாளை நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன். “நாங்க பார்த்துக்கறோம்”னாங்க. ஒரு பெட்டி. ஷூ வாங்கினா தருவாங்களே, அந்த மாதிரி. ஒருத்தன் கக்கத்துல வச்சுக்கிட்டு நடந்து போனான். எங்கன்னு நான் கேக்கல.

— ஏன் கேக்கல?

— அப்பல்லாம் ஆம்பளைங்க கேக்க மாட்டோம். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டுத் தலையை ஆட்டுவோம். அந்த ஆஸ்பத்திரியும் இப்ப இல்ல. பதிவுப் புத்தகத்துல பார்த்தேன், உயிரில்லாமப் பொறந்ததுக்குத் தனிப் புத்தகம். தேதி இருந்துச்சு. பொண்ணுன்னு இருந்துச்சு. பேருக்குக் கட்டமே போடல. எங்க தெரு நாய்க்குக்கூட லைசென்ஸ்ல பேரு இருந்துச்சு. அதனாலதான் யோசிச்சேன். மேல வேண்டாம். கொரோன்விக்கும் தெரிய வேண்டாம், ஊருக்கும் வேண்டாம். அடியில. மண்ணுக்குள்ள போற ரெண்டடி இருக்கே, அங்க. உங்க தாத்தா எழுத்துப் பழகுவாரே, அந்த இடம்.

— யாரு சொன்னா உங்களுக்கு அது?

— யாரு சொல்லணும்? எண்பத்தேழுல வெள்ளம் வந்து கல்லுங்க சாஞ்சப்ப ஊரே பார்த்துச்சே! மேல “கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்”. அடியில உங்க தாத்தா அழகா வெட்டி வச்சிருக்காரு: “வெண்ணெய், முட்டை, டீத்தூள், உப்பு.” பாவம், அந்த மனுஷன் முப்பது வருஷமா கடைச் சீட்டு மேல படுத்திருந்தாரு.

— தாத்தாவுக்குப் பாட்டி சொல்லி அனுப்பின சாமான் மறந்துருமாம். அதான், பழகுற எழுத்தையே—

— அதே இடம். டீத்தூளுக்கு இடம் இருந்தா என் பிள்ளைக்கு இருக்காதா? எஸ்ஸுல ஆரம்பிச்சு அஞ்சே எழுத்து. சின்னதா. புழு மட்டும் படிக்கட்டும்.

— முடியாது, மாமா.

— என்ன முடியாது?

— அங்க... இடம் இல்ல.

— ரெண்டடி உயரம், ரெண்டரையடி அகலம். நீயும் கடைச் சீட்டு வெட்டி வச்சிருக்கியா?

— கல்லு தாங்காது. அடியில பொருக்கு விட்டிருக்கு. கொட்டாப்புளியால தட்டினா தகடு தகடா வந்துரும்.

— பொய். போன வாரம் இதே கல்லை என்கிட்ட என்ன சொன்ன? “சுரங்கத்துலயே நல்ல பாளம் மாமா, தட்டினா மணி மாதிரி கேக்கும்”ன. தட்டிக் காட்டினியே.

— நேரம் இல்ல. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டி.

— அஞ்சு எழுத்துக்கு எவ்வளவு நேரம்? நான் லாந்தர் பிடிக்கிறேன். ...இங்க பாரு. நீயும் மூப்பர் கட்சியா? உன்னை மழையில நனைய விடாம வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டு வந்து இறக்கினவன் நான். அது ரூட்டுலயே கிடையாது.

— அதைச் சொல்லாதீங்க.

— சொல்லுவேன். ஆயிரம் தடவை இறக்கியிருக்கேன். ரெண்டாயிரம். உங்க வீட்டுப் படியில ஏறித் திரும்பினதுல ரெண்டு கண்ணாடி உடைஞ்சுச்சு!

— நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், மாமா. அதுக்கு மேல கேக்காதீங்க.

— யாருக்கு? கொரோன்விக்கா?

— இல்ல.

— ...சரி. உனக்கும் ஒரு வாக்கு, எனக்கும் ஒரு வாக்கு. கல்லு போகட்டும். குடு காகிதத்தை.

— உக்காருங்க. இப்படிக் கோவத்தோட மேடு இறங்க வேண்டாம். டீ ஊத்தறேன்.

— கோவம் உன் மேல இல்ல. ...நான் செய்யறது சரியாயிருக்குமான்னு எனக்கே தெரியல. வேண்டாம்னு சொன்னவ கால்மாட்டுல போய் அதே பேரைத் திருட்டுத்தனமா வைக்கிறேன். எந்திரிச்சு வந்து உதைப்பா. ஆனா அவ வேண்டாம்னு சொன்னதே என்னாலதான்.

— உங்களாலயா?

— நான் ஒரு பொய் சொன்னேன். நான் சொன்ன எல்லாப் பொய்யும் ஊருக்குத் தெரியும். ஆறு முட்டை, ஏழு முட்டை, மீசை. எல்லாரும் சிரிச்சுட்டுப் போவீங்க. இது ஒண்ணைத்தான் அவ நம்பினா.

— ...என்ன சொன்னீங்க?

— ஆஸ்பத்திரியிலேருந்து பஸ்ல வர்றோம். அப்ப நான் பயணிதான், டிரைவர் இல்ல. அவ ஜன்னலோரம். சிவப்பு முடி எல்லாம் ஸ்கார்ஃபுக்குள்ள. உனக்குத் தெரியாது, அவ இளமையில அந்த முடி... நான் லைனுக்கு வந்த புதுசுல, அவ நிறுத்தத்துல நின்னா முன்னாடி போன வண்டியெல்லாம் சிக்னல் விழுந்துச்சுன்னு நின்னுரும். அந்தச் சிவப்பைப் பார்த்து ஒரு ரயிலே நின்னுச்சு.

— மாமா. பஸ்ல என்ன நடந்துச்சு?

— ...கேட்டா. ஜன்னலைப் பார்த்துக்கிட்டே. “நீ பார்த்தியா அவளை?”ன்னு. நான் இல்லன்னேன்.

— ஆனா பார்த்தீங்க.

— அவளுக்கு ஊசி போட்டுத் தூங்க வச்சிருந்தாங்க. காட்டவே இல்ல. காட்டக் கூடாதாம், மறந்துரணுமாம், சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கணுமாம். நான் நடையில நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு செவிலி, சின்னப் பொண்ணு, தானே பயந்துக்கிட்டு, துண்டுல சுத்திக் கொண்டு வந்து, “சீக்கிரம், பெரிய நர்ஸம்மா வந்துருவாங்க”ன்னா. வாங்கிக்கிட்டேன். எவ்வளவு நேரம்... நிறுத்தத்துல ஒரு கிழவி பை சாமானோட ஏறி உக்கார்ற நேரம். அவ்வளவுதான்.

— எப்படி இருந்தா?

— இடது காது என்னுது. மேல இப்படி மடிஞ்சிருந்துச்சு, பாரு, இதே மாதிரி. மத்தது... மத்தது உனக்குச் சொல்ல மாட்டேன், கண்ணு. தப்பா நினைக்காத. அது திலிஸுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது. அவளுக்குச் சொல்லாததை வேற யாருக்கும் சொல்றதா இல்ல.

— ஏன் இல்லன்னு சொன்னீங்க?

— அவ பார்க்காததை நான் மட்டும் பார்த்தேன்னு எந்த வாயால சொல்றது? பாதிப் பங்கு குடுக்க முடியாதே. அதான் இல்லன்னேன். பஸ் மலையெல்லாம் தாண்டுச்சு. அப்புறம் சொன்னா, “யாருமே பார்க்காத பிள்ளைக்குப் பேரு எதுக்கு. இனிமே அதை எடுக்க வேண்டாம்”னு. புரியுதா? நான் பார்த்தேன்னு சொல்லியிருந்தா பேரு இருந்திருக்கும். ஒரே ஒரு “இல்ல” சொன்னேன். சாகுற வரைக்கும் அவ கடையில கூடையைக் கீழ வச்சா. ...நீ ஏன் அழற? உன் டீயில உப்பு விழப்போகுது. ...சரி, நான் கிளம்புறேன். ரொட்டி மீதியை உன் தங்கச்சிக்குக் குடு. பல்லு உடைஞ்சா நான் பொறுப்பில்ல.

— மாமா, இருங்க. கோணியை அவிழுங்க.

— என்ன?

— அடியில. கயிறு உங்க பக்கம்தான் முடிச்சு.

— வெட்டித் தரப்போறியா? வாக்கு என்னாச்சு?

— அவிழுங்க.

— ...கை வரல. குளிரு. ...வந்துருச்சு. நீ நகரு, வெளிச்சம் மறைக்குது. ...மெரேரித்.

— கண்ணாடி நெத்தியில இருக்கு. இறக்கி விடுங்க.

— வேண்டாம். விரல்ல தெரியுது. ...எஸ்ஸு. ...இது எப்ப வெட்டின? ஓரமெல்லாம் தூசி படிஞ்சு கிடக்கு. இது இன்னைக்கு நேத்து வெட்டினது இல்ல.

— ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் எவ்வளவு நாள்னு டாக்டர் சொன்ன மறுநாள் அத்தை வந்தாங்க. கல்லுல மொதல்ல வெட்டினது அதுதான். அவங்க பேருக்கும் முன்னாடி.

— திலிஸா? திலிஸ் அந்தப் பேரைச் சொன்னாளா?

— வாயால சொல்லல. ஒரு காகிதத்துல எழுதி நீட்டினாங்க. நான் படிச்சதும், “சத்தமா படிக்காத”ன்னாங்க. நான் வெட்டி முடிக்கிற வரைக்கும் இதே முக்காலியில உக்காந்திருந்தாங்க.

— ஏன்... ஏன் என்கிட்ட... யாருமே பார்க்காத பிள்ளைன்னு அவதான...

— அந்தச் செவிலி அன்னைக்குச் சாயந்தரமே அத்தைகிட்ட சொல்லிட்டாளாம், மாமா. “உங்க வீட்டுக்காரர் கையில வாங்கிக்கிட்டு நின்னாரு”ன்னு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பஸ்ல கேட்டிருக்காங்க. நீங்க இல்லன்னதும் அவங்களுக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலயாம். சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தாங்களாம். “நான் கேட்டா அவன் பொய் சொன்னது வெளிய வந்துரும், அவன் அதைத் தாங்க மாட்டான்”னாங்க. “இத்வால் இந்தப் பேருக்காக உன்கிட்ட வந்தா காட்டு, வராட்டி அப்படியே மண்ணைப் போட்டு மூடிரு”ன்னாங்க. நீங்க கோழிப் பேரு, மாட்டுப் பேருன்னு ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். வந்தா மட்டும் போதாது, பார்த்ததைச் சொல்லணும்னு அவங்க கண்டிப்பாச் சொல்லியிருந்தாங்க. சொன்னப்புறம் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. கேட்டு, நாளைக்குக் கல்லை நிறுத்தும்போது அவங்ககிட்ட சொல்லணுமாம். ...பிள்ளைக்குத் தலையில முடி இருந்துச்சான்னு. இருந்தா, என்ன நிறம்னு.

— ...சிவப்பு, கண்ணு. ...சிவப்பு. பஸ்ஸை நிறுத்துற சிவப்பு. ஆனா நீ சொல்ல வேண்டாம். காலையில ஏழு மணிக்கு நான் வர்றேன்.